“ஆர்மேச்சர் போச்சும்மா!” என்கிறாரா மெக்கானிக்? பிளேடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்!

(நமது நிருபர்)

சென்னை–

மிக்சி நின்றால் சமையல் நின்றது. இட்லிக்குச் சட்னி கிடையாது. குழம்புக்கு மசாலா கிடையாது. அம்மியும் குழவியும் பல வீடுகளில் எப்போதோ மொட்டை மாடிக்குப் போய்விட்டன.

உடனே மிக்சியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தெருமுனை ரிப்பேர் கடைக்கு ஓடுகிறார்கள். கடைக்காரர் அடிமூடியைக் கழற்றுகிறார். மோந்து பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார்.

“ஆர்மேச்சர் போச்சும்மா!”

இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே இல்லத்தரசிகளுக்கு வயிற்றைக் கலக்கும். மிக்சி ரிப்பேரில் பெரிய செலவு அதுதான். “பேசாம புதுசே வாங்கிடலாமா?” என்று யோசிக்க வைக்கும் செலவு.

உண்மையிலேயே ஆர்மேச்சர் போய்விட்டதா? இல்லை, பத்து நிமிடம் சுத்தம் செய்தால் ஓடிவிடுமா?

மோந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு மின்காந்தம், ஒரு ஆக்சா பிளேடு. அவ்வளவுதான்!

ஆர்மேச்சர் என்பது எது?

மிக்சி மோட்டாரில் இரண்டு பகுதிகள் உண்டு. அசையாமல் சுற்றி நிற்பது பீல்டு காயில். நடுவில் சுழல்வது ஆர்மேச்சர்.

மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி ஒரு உருளை. அதில் நீளவாக்கில் பள்ளங்கள். பள்ளங்களுக்குள் எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள்கள். ஒரு முனையில் செம்புப் பட்டைகள் பதித்த வளையம். அந்த வளையத்துக்குப் பெயர் கம்யூட்டேட்டர்.

பெரும்பாலான வீட்டு மிக்சிகளில் 12 பள்ளங்களும் 24 செம்புப் பட்டைகளும் இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு கார்பன் துண்டுகள் இந்தப் பட்டைகளை உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கொடுக்கும்.

வேகம் எவ்வளவு தெரியுமா? முழு வேகத்தில் நிமிடத்துக்கு 18 ஆயிரம் சுற்று என்பது சர்வ சாதாரணம். அதாவது விநாடிக்கு 300 சுற்று. சீலிங் ஃபேன் ஒரு நிமிடம் முழுக்கச் சுற்றுவதை மிக்சி ஒரே விநாடியில் சுற்றி முடித்துவிடுகிறது!

வெட் கிரைண்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதில் இருப்பது வேறு ஜாதி மோட்டார். அதற்குக் கார்பனும் இல்லை, கம்யூட்டேட்டரும் இல்லை. மெதுவாகச் சுற்றும், நிதானமாக உழைக்கும். மிக்சி அப்படி அல்ல. சின்ன உடம்பு, பெரிய வேகம், அதற்குத் தகுந்த சூடு.

வீட்டுக்கு வீடு மிக்சி

ஒரு காலத்தில் மிக்சி பணக்கார வீட்டுச் சாமான். வெளிநாட்டு மிக்சி நம் ஊர் மஞ்சளையும் கடலைப் பருப்பையும் கண்டு மூச்சுத் திணறியது.

ஜெர்மன் மிக்சி நின்றுபோனதால் மனைவிக்காகச் சொந்தமாகவே மிக்சி செய்ய இறங்கியவர் பம்பாய் என்ஜினீயர் சத்யபிரகாஷ் மாத்தூர். அப்படிப் பிறந்ததுதான் ‘சுமீத்’. 1970-களிலும் 80-களிலும் கலியாணச் சீர் வரிசையில் சுமீத் இருந்தால் அது கௌரவம்!

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு குடிசை வீட்டிலும் மிக்சி சத்தம் கேட்டது.

மிக்சி பெருகியது. அதோடு கருகும் ஆர்மேச்சர்களும் பெருகின. அன்றாடம் காய்ச்சி குடும்பத்துக்கு ஒரு ஆர்மேச்சர் செலவு என்பது சின்ன விஷயம் அல்ல. அதனால்தான் இந்தச் சோதனை முக்கியம்.

ஏன் கருகுகிறது?

தண்ணீர் ஊற்றாமல் கெட்டியாக அரைப்பது முதல் காரணம். ஜார் நிறையப் போட்டு அமுக்குவது இரண்டாவது காரணம். நிறுத்தாமல் ஓட்டுவது மூன்றாவது.

பல மிக்சிகளின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் 5 நிமிடம் ஓட்டினால் 2 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்?

மாவு அரைபடாமல் பிளேடு திணறும்போது மோட்டாரின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் அது இழுக்கும் கரண்ட் கூடுகிறது. கம்பி சூடாகிறது. கம்பி மேல் உள்ள எனாமல் கருகுகிறது. பக்கத்துக் கம்பியோடு கம்பி ஒட்டிக்கொள்கிறது. இதற்குத்தான் ‘ஷார்ட்’ என்று பெயர்.

இன்னொரு காரணம் ஜாரின் அடிப்பக்கம். அங்கே புஷ் தேய்ந்தால் தண்ணீர் கசியும். அது நேராக மோட்டாருக்குள் இறங்கும். “லேசா ஒழுகுது, பரவாயில்ல” என்று விட்டால் பின்னால் ஆர்மேச்சர் செலவு!

முதலில் வீட்டில் பாருங்கள்

மிக்சி ஓடவில்லை என்றதும் கடைக்கு ஓட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று: அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கிறதா? பாரம் தாங்காவிட்டால் அது தானாக வெளியே வந்து மின்சாரத்தை நிறுத்தும். பத்து நிமிடம் ஆறவிட்டு அமுக்கிப் பாருங்கள். பல மிக்சிகளுக்கு இதுவே வைத்தியம்.

இரண்டு: ஜாரை எடுத்துவிட்டு வெறும் மிக்சியை ஓட்டிப் பாருங்கள். ஓடுகிறதா? அப்படியானால் மோட்டாரில் குற்றம் இல்லை. ஜார் புஷ் இறுகியிருக்கிறது.

மூன்று: மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லையா? கப்ளர் பல் தேய்ந்திருக்கும். சில்லறைச் செலவு.

நான்கு: உயிரே இல்லையா? பிளக், ஒயர் எல்லாம் சரியா? அப்படியானால் கார்பன் தேய்ந்திருக்கலாம். கார்பன் கால் அங்குலத்துக்கும் கீழே தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அதுவும் சில்லறைச் செலவுதான்.

கருகல் வாசனை, புகை, தொட்டால் ஷாக், கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையம் போல நெருப்பு – இதில் எது வந்தாலும் மறுபடி ஓட்டாதீர்கள். கடைக்கு எடுத்துப் போங்கள். கார்பன் நுனியில் சின்னச் சின்ன நீலப் பொறி தெரிவது சகஜம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

கடையில் மூன்று சோதனை

நல்ல வைண்டிங் கடைக்காரர் ஆர்மேச்சரைக் கையில் எடுத்ததும் முதலில் கண்ணால் பார்ப்பார். ஏதாவது இரண்டு பட்டை மட்டும் கருத்துப் பள்ளம் விழுந்திருந்தால் அங்கே கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டையில் பற்றவைத்த இடம் விட்டுப்போயிருந்தாலும் இதே அடையாளம்தான். சில சமயம் அந்த ஒரு முனையைத் திரும்பப் பற்றவைத்தாலே போதும்.

அடுத்து டெஸ்ட் லாம்ப். ஒரு ஒயரை ஷாப்டில் வைப்பார். இன்னொன்றைச் செம்புப் பட்டையில் வைப்பார். பல்பு எரியக் கூடாது. எரிந்தால் ‘பாடி ஷார்ட்’. உள்ளே கம்பி இரும்பைத் தொட்டுவிட்டது. இப்படிப்பட்ட மிக்சி ஷாக் அடிக்கும். ஆளையே கொல்லும்.

மூன்றாவது மீட்டர். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் மீட்டர் முனைகளை வைத்து 24 இடமும் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு வந்தால் சரி. ஒரு இடத்தில் மட்டும் அளவு ஏறினால் அங்கே கம்பி அறுந்திருக்கிறது. சுத்தமாக இறங்கினால் ஷார்ட்.

ஆனால் மீட்டருக்கும் ஒரு குறை உண்டு. ஒரு காயிலில் நாலைந்து சுற்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் சாதாரண மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மீட்டர் “நல்லாருக்கு” என்று சொல்லும். மிக்சி புகைந்துகொண்டே இருக்கும்!

அங்கேதான் வருகிறது பிளேடு.

உறுமும் பிளேடு!

வைண்டிங் கடை மேஜையில் இரும்பில் ‘வி’ போலப் பிளந்த ஒரு மின்காந்தம் இருக்கும். பெயர் குரோலர். ‘உறுமுவது’ என்று அர்த்தம்.

அதன் பிளவில் ஆர்மேச்சரைப் படுக்க வைத்து சுவிட்சைப் போடுவார்கள். மேலே தெரியும் பள்ளத்தின் மீது ஆக்சா பிளேடை நீளவாக்கில் லேசாகப் பிடிப்பார்கள். ஒவ்வொரு பள்ளமாக உருட்டி உருட்டி 12 பள்ளமும் பார்ப்பார்கள்.

காயில் நன்றாக இருந்தால் பிளேடு சும்மா இருக்கும். ஷார்ட் இருந்தால் “கர்ர்ர்...” என்று உறுமிக்கொண்டு துடிக்கும்!

என்ன மாயம் இது? மாயம் ஒன்றும் இல்லை. 1831-ல் விஞ்ஞானி மைக்கேல் பாரடே கண்டுபிடித்த அதே தத்துவம். மாறி மாறி வரும் காந்தம் பக்கத்தில் உள்ள காயிலில் மின்சாரத்தைத் தூண்டும். நல்ல ஆர்மேச்சரில் ஒரு பக்கம் தூண்டியதை மறுபக்கம் அடித்துவிடும். கரண்ட் ஓடாது. ஷார்ட் ஆன காயிலோ தனி வளையமாகிவிடுகிறது. அதில் மட்டும் கரண்ட் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அந்தப் பள்ளம் குட்டிக் காந்தமாகிறது. பிளேடை விநாடிக்கு 100 தடவை இழுத்து விடுகிறது.

ஒரு காயில் போயிருந்தால் இரண்டு பள்ளத்தில் பிளேடு உறுமும். காயிலுக்கு இரண்டு கால். ஒரு கால் ஒரு பள்ளத்தில், இன்னொரு கால் எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில்.

அறுந்த கம்பியைப் பிளேடு காட்டாது. அதற்கு மீட்டர்தான். ஷார்ட்டுக்குப் பிளேடு, அறுந்ததற்கு மீட்டர், ஷாக்குக்குப் பல்பு. மூன்றும் பார்த்தால்தான் சோதனை முழுமை.

இதெல்லாம் நேரடி மின்சாரத்தில் நடக்கும் சோதனை. தெரிந்தவர் கையில்தான் நடக்க வேண்டும். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!

தூசி செய்யும் கூத்து

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

பிளேடு உறுமிவிட்டது. ஆர்மேச்சர் போச்சு என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது!

கார்பன் தேயத் தேயக் கரிப்பொடி கொட்டும். பேரிங் எண்ணெயும் அதோடு சேரும். இரண்டும் குழைந்து கறுப்பு மையாகி, செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் அடைந்துகொள்ளும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். இரண்டு பட்டையை அது சேர்த்துவிடுகிறது. பிளேடு உறுமுகிறது. பார்ப்பதற்கு அசல் ஷார்ட் மாதிரியே இருக்கும்.

கைதேர்ந்த மெக்கானிக் இங்கே அவசரப்பட மாட்டார். தீட்டிய பிளேடு துண்டால் ஒவ்வொரு சந்தையும் கீறிச் சுத்தம் செய்வார். பிரஷ்ஷால் தட்டுவார். துடைப்பார். திரும்பவும் குரோலரில் வைப்பார்.

உறுமல் நின்றுவிட்டதா? ஆர்மேச்சர் பிழைத்தது! புதுக் கார்பன் போட்டால் மிக்சி ஓடும். பெரிய செலவு சில்லறைச் செலவாகிவிட்டது.

சுத்தம் செய்தும் உறுமுகிறதா? அப்போதுதான் “போச்சு” என்று சொல்ல வேண்டும். கம்பியே கருகித் தொட்டால் உதிர்கிற நிலை என்றால் மட்டும் சுத்தம் செய்தும் பயன் இல்லை. அதற்குப் பிளேடே தேவை இல்லை.

மெக்கானிக் மேல் மட்டும் தப்பா?

“எல்லாரும் ஏமாத்துறாங்க” என்று சொல்வதும் நியாயம் அல்ல.

தெருமுனை ரிப்பேர் கடை வேறு. வைண்டிங் கடை வேறு. குரோலர் இருப்பது பெரும்பாலும் வைண்டிங் கடையில்தான். ரிப்பேர் கடைக்காரர் ஆர்மேச்சரை அங்கே கொடுத்து வாங்க வேண்டும். நேரம் ஆகும்.

வாடிக்கையாளரோ, “அண்ணே, சாயங்காலத்துக்குள்ள வேணும்” என்று நிற்கிறார். ரெடிமேட் ஆர்மேச்சர் அலமாரியில் இருக்கிறது. மாட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. சோதனை பார்த்த கூலியைக் கேட்டால், “சும்மா பாத்ததுக்கு எதுக்கு காசு?” என்று சண்டை வேறு!

சோதனையும் ஒரு வேலைதான். அதற்குக் கூலி கொடுக்க மனம் வந்தால், தேவை இல்லாத ஆர்மேச்சருக்குப் பணம் கொடுப்பது மிச்சம்.

கம்பி கட்டுவது ஒரு கலை

ஆர்மேச்சர் நிஜமாகவே போய்விட்டது என்றால் இரண்டு வழி. புதிது மாட்டலாம். அல்லது பழையதைப் பிரித்துத் திரும்பக் கம்பி கட்டலாம்.

கட்டுகிறவர் முதலில் பழைய கம்பியை எண்ணுவார். எத்தனை சுற்று, என்ன கேஜ், எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்கு என்று குறித்துக்கொள்வார். பள்ளத்துக்குள் காகிதம் வைத்து, அதன் மேல் புதுக் கம்பி சுற்றுவார். முனைகளைப் பட்டைகளில் சேர்ப்பார். வார்னிஷில் நனைத்துச் சூட்டில் காய வைப்பார்.

இதில் சூட்சுமம் முனை சேர்க்கும் இடம். எந்தக் காயில் முனை எந்தப் பட்டையில் சேர்கிறது என்பதுதான் மோட்டாரின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு பட்டை தள்ளிச் சேர்த்தால் போதும். மிக்சி ஓடும். ஆனால் பொறி பறக்கும், சூடாகும், சக்தி குறையும். ஒரு மாதத்தில் திரும்பக் கடைக்கு வரும்.

வெளிநாடுகளில் தடத்தில் பொம்மைக் கார் ஓட்டிப் பந்தயம் வைப்பவர்கள் விரல் நுனி அளவு ஆர்மேச்சரில் இதே வித்தையைத்தான் செய்கிறார்கள். மூன்றே காயில். கம்யூட்டேட்டரைச் சில டிகிரி திருப்பி வைத்தால் கார் பறக்கும். ஆனால் அதிகம் திருப்பினால் சூட்டில் வெந்துபோகும். விளையாட்டுக் காருக்கும் வீட்டு மிக்சிக்கும் சட்டம் ஒன்றுதான்!

ஒரு கிராம் ஏழு கிலோ ஆகும்!

கம்பி கட்டியதும் வேலை முடியவில்லை. எடை சமமாக இருக்க வேண்டும்.

சம உயரத்தில் வைத்த இரண்டு கத்தி விளிம்புகள் மீது ஷாப்டைப் படுக்க வைப்பார்கள். எடை கூடின பக்கம் தானாக உருண்டு கீழே வரும். அந்தப் பக்கத்து இரும்பில் லேசாகச் சுரண்டுவார்கள். அல்லது எதிர்ப்பக்கம் பசை வைத்துச் சமப்படுத்துவார்கள். எங்கே நிறுத்தினாலும் உருளாமல் நின்றால் அது நல்ல ஆர்மேச்சர். கம்பெனி ஆர்மேச்சர்களின் இரும்பில் சின்னச் சின்ன வெட்டுகள் இருப்பதும் இதற்குத்தான்.

“ஒரு கிராம் கூடினா என்ன?” என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மையத்திலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிராம் கூடுதலாக இருந்து, நிமிடத்துக்கு 18 ஆயிரம் சுற்று சுற்றினால், அது வெளியே இழுக்கும் வேகம் ஏழு கிலோ எடைக்குச் சமம்! விநாடிக்கு 300 தடவை பேரிங்கை அது குத்துகிறது. மிக்சி அதிரும். பேரிங் போகும். கார்பன் துள்ளும். பொறி பறக்கும்.

கடைசியாக லேத்தில் வைத்துக் கம்யூட்டேட்டரை மெல்லியதாகக் கடைவார்கள். சந்துகளைச் சுத்தம் செய்வார்கள். பிறகு ஜார் இல்லாமல் சில நிமிடம் ஓட்டுவார்கள். புதுக் கார்பனின் நுனி கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தக்கபடி தேய்ந்து உட்கார வேண்டும் அல்லவா?

வெள்ளைக் கம்பி உஷார்!

செம்பு விலை ஏற ஏற அலுமினியக் கம்பி உள்ளே நுழைகிறது. செம்பு கடத்தும் மின்சாரத்தில் அலுமினியம் சுமார் 61 சதவீதம்தான் கடத்தும். அதே பள்ளத்தில் அதே பருமனில் அலுமினியம் சுற்றினால் சூடு கூடும். ஆயுள் குறையும்.

சில கம்பிகள் மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். பார்த்தால் தெரியாது. நுனியை வெட்டி அரத்தால் தேய்த்தால் வெள்ளையாகத் தெரியும். எடையும் காட்டிக் கொடுக்கும். அலுமினியத்தின் எடை, அதே அளவு செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

அலுமினியம் என்று சொல்லி விலை குறைத்துக் கொடுத்தால் அது வியாபாரம். செம்பு என்று சொல்லி அலுமினியம் சுற்றினால் அது மோசடி.

இதைக் கேளுங்கள்

மிக்சியைக் கொடுக்கும்போது கடையில் கேட்க வேண்டியது ஐந்து:

“அண்ணே, பட்டைச் சந்தைச் சுத்தம் பண்ணிட்டுப் பாத்தீங்களா?”

“பிளேடு வெச்சுப் பாத்தீங்களா? எந்தப் பள்ளத்துல உறுமுது?”

“மாட்டப்போறது புதுசா, கட்டினதா? கட்டினதுன்னா செம்புக் கம்பியா?”

“ஜார் புஷ் ஒழுகுதா பாத்தீங்களா?” ஒழுகும் ஜாரைச் சரி செய்யாமல் ஆர்மேச்சர் மாற்றினால், மாற்றியதும் வீண்.

“பழைய ஆர்மேச்சரைக் குடுங்க.” அதில் உள்ள செம்புக்குக் காயலான் கடையில் காசு உண்டு. கடைக்காரரே எடுத்துக்கொண்டால் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.

வேலை தெரிந்த மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். “வாங்கக்கா, நீங்களே பாருங்க” என்று ஆர்மேச்சரைக் குரோலரில் வைத்துக் காட்டுவார். அப்படிக் காட்டுகிறவர் கிடைத்தால் கடையை மாற்றாதீர்கள்!